ஆண்டுக்கணக்கில் கிடந்த ஸ்கூபா கருவிகளை மறுபடி தண்ணீருக்குத் தயார் செய்வது: முழுமையான வழிகாட்டி

டேங்கின் காற்றை மூச்சுவிடும் அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் சும்மா கிடந்தாலும் தேயும். வாயில் வைக்கும் பகுதியான செகண்ட் ஸ்டேஜுக்குள் ஒரு கூரிய உலோக விளிம்பு இருக்கிறது. ஸ்பிரிங்கின் விசை காரணமாக, அதன் மேல் ரப்பர் போன்ற மென்மையான சீட் ஒன்று இடைவிடாமல் அழுந்தியிருக்கும். டைவ் செய்யும்போதாவது ஒவ்வொரு மூச்சுக்கும் அது விலகித் திரும்புகிறது. அலமாரியில் கிடக்கும்போது ஒரே இடத்தில் வருடக்கணக்கில் அழுந்தி, வட்டமாக ஒரு பள்ளம் விழுந்துவிடுகிறது. பல வருடம் கழித்து டேங்கில் மாட்டியதும் "உஸ்" என்று காற்று கசிய இதுதான் முதல் காரணம்.

கருவிகள் முழுக்க இதே கதைதான். நன்றாகக் கழுவி உலர்த்தி வைத்த பித்தளையும் துருப்பிடிக்காத ஸ்டீலும் பல பத்தாண்டுகள் தாங்கும். ரப்பர், பாலியூரித்தேன், நியோப்ரீன், பேட்டரி எல்லாம் நீங்கள் தண்ணீரில் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் வயதாகிக்கொண்டேதான் இருக்கும். அதனால் எத்தனை டைவ் செய்தது என்று பார்ப்பதை விட, எத்தனை வருடம் ஆனது என்று பாருங்கள். உலோகத்தை வைத்துக்கொண்டு மென்பாகங்களை மாற்றினால் பழைய செட்டில் பாதிக்கு மேல் காப்பாற்றிவிடலாம். ஆனால் சில பொருள்களை எவ்வளவு செலவழித்தாலும் காப்பாற்ற முடியாது. அவை எவை என்பதையும் கீழே சொல்கிறோம்.

தொடங்கும் முன்

எல்லாவற்றையும் வெளிச்சமான இடத்தில் பரப்பி வைத்து ஒவ்வொன்றின் பெயர், மாடல், சீரியல் எண், கடைசி சர்வீஸ் தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்: அந்த மாடலைப் பாதுகாப்புக் காரணத்துக்காகத் திரும்பப் பெற்றிருக்கிறார்களா, அதற்கு சர்வீஸ் கிட் இன்னும் கிடைக்கிறதா. நீங்கள் விலகியிருந்த காலத்தில் சில பிராண்டுகள் கைமாறியிருக்கும், சில மறைந்திருக்கும். டேக்கர் பெயரில் இன்று யாரும் ரெகுலேட்டர் செய்வதில்லை. யுஎஸ் டைவர்ஸ் என்ற பெயரில் வாங்கியதற்கு அக்வா லங்கைத்தான் கேட்க வேண்டும். கிட் கிடைக்காத ரெகுலேட்டர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது காட்சிப்பொருள்தான். அதற்கு மேல் அதில் நேரம் செலவிட வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் எதையும் டேங்கில் மாட்டாதீர்கள். பழைய ஹோஸ், பழைய கேஜ் மீது 200 பார் அழுத்தத்தைத் திறந்துவிடுவது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை.

ரெகுலேட்டர்: அழுத்தம் இல்லாமல் செய்யும் சோதனைகள்

டேங்கில் மாட்டும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் தூசி மூடியைக் கழற்றினால் காற்று நுழையும் இடத்தில் ஒரு சிறிய உலோக வடிகட்டி தெரியும். அதன் நிறம் நிறையச் சொல்லும். வெள்ளி நிறத்தில் பளிச்சென்று இருந்தால் நல்லது. பச்சை படிந்திருந்தால் உள்ளே தண்ணீர் போய்ப் பித்தளை அரித்திருக்கிறது. பெரும்பாலும் மூடியைப் போடாமல் கழுவியதன் விளைவு. செம்பழுப்பு நிறம் ஸ்டீல் டேங்கின் துருவிலிருந்து வந்தது. சாம்பல் நிறப் பொடி அலுமினிய டேங்கின் ஆக்சைடு. கறுப்பாக இருந்தால் எங்கோ ஒரு கம்ப்ரசரின் கரி வடிகட்டி ஒழுங்காக வேலை செய்யவில்லை. வெள்ளியைத் தவிர வேறு எந்த நிறமாக இருந்தாலும் உள்ளேயும் அதே கதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மவுத்பீஸ். கடிக்கும் இடத்தில் கிழிசல் இருக்கிறதா, அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் டை இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். டை முறிந்து மவுத்பீஸ் மட்டும் வாயில் தங்கி, செகண்ட் ஸ்டேஜ் தனியே கழன்று போவது அபூர்வமல்ல. உள்ளே டார்ச் அடித்தும் பாருங்கள். கரப்பான் குஞ்சுகளுக்கும் சிலந்திகளுக்கும் அந்த இருட்டு ரொம்பப் பிடிக்கும்.

பிறகு வெற்றிடச் சோதனை. ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் தூசி மூடியை இறுக்கி மூடிவிட்டு, செகண்ட் ஸ்டேஜில் வாய் வைத்து மெதுவாக உறிஞ்சுங்கள். சிறிது உறிஞ்சியதும் காற்று வராமல் நின்றுவிட வேண்டும். அப்படியே சில விநாடி பிடித்துப் பாருங்கள். காற்று உள்ளே வந்துகொண்டே இருந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், மூச்சு வெளியேறும் வால்வின் விளிம்பு மடங்கியிருக்கலாம், அல்லது மவுத்பீஸில் ஓட்டை இருக்கலாம். இதே ஓட்டை வழியாகத்தான் தண்ணீருக்கடியில் ஒவ்வொரு மூச்சோடும் உப்புத் தண்ணீர் வரும். ஆக்டோபஸ் என்ற உதிரி செகண்ட் ஸ்டேஜுக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள். நண்பருக்குக் காற்றில்லாத நேரத்தில் தேவைப்படுவது அதுதான்.

ரெகுலேட்டர்: அழுத்தத்தோடு செய்யும் சோதனைகள்

இதற்குச் செல்லுபடியாகும் தேதியுள்ள, நிரப்பிய டேங்க் ஒன்று வேண்டும். உங்கள் பழைய டேங்க் வேண்டாம். அதோடு இடைநிலை அழுத்தம், அதாவது ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து செகண்ட் ஸ்டேஜுக்குப் போகும் அழுத்தம், அளக்கும் கேஜ் ஒன்று. அது பிசிடியில் (மிதப்பைச் சரிசெய்யும் ஜாக்கெட்டில்) காற்று நிரப்பும் இன்ஃப்ளேட்டர் ஹோஸில் நேராகச் சொருகக்கூடிய சின்னக் கருவி. டைவிங் கற்றுக்கொள்பவர்களுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை, ஆனால் சொந்த ரெகுலேட்டர் வைத்திருக்கும் எவரும் வாங்க வேண்டிய முதல் கருவி இதுதான்.

1. ரெகுலேட்டரை மாட்டி, டேங்க் அழுத்தம் காட்டும் கேஜின் கண்ணாடி முகத்தை உங்களிடமிருந்தும் மற்றவரிடமிருந்தும் விலக்கித் திருப்பிப் பிடியுங்கள். உள்ளே இருக்கும் குழாய் வெடித்தால் கண்ணாடி தெறிக்கலாம்.

2. டேங்க் வால்வை மிக மெதுவாகத் திறங்கள். சடாரென்று திறந்தால் காற்று உள்ளே நெருங்கிச் சூடாகி, பழைய சீட்டை ஒரே அடியில் சேதப்படுத்தும்.

3. இன்ஃப்ளேட்டர் ஹோஸில் சொருகிய இடைநிலை கேஜில் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான ரெகுலேட்டர்களில் 9 முதல் 10 பார், அதாவது சுமார் 130 முதல் 145 பிஎஸ்ஐ. உங்கள் மாடலுக்கு நிறுவனம் சொல்லும் எண்தான் இறுதி.

4. செகண்ட் ஸ்டேஜில் காற்றைத் திறந்துவிடும் பர்ஜ் பொத்தானைப் பத்துப் பதினைந்து தடவை அழுத்தி விடுங்கள். ஒவ்வொரு முறையும் முள் கீழே இறங்கி, உடனே மேலே வந்து அதே எண்ணில் "டக்" என்று நிற்க வேண்டும்.

5. ஐந்து நிமிடம் காத்திருங்கள். முதல் சில விநாடிகளில் சிறிதளவு ஏறி நின்றால் பரவாயில்லை. நிற்காமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் உயரழுத்த சீட் போய்விட்டது. பர்ஜை அழுத்தி, வால்வை மூடி, சோதனையை அங்கேயே நிறுத்துங்கள்.

6. டேங்கில் சுமார் 40 பார் மட்டும் இருக்கும்போது இன்னொரு தடவை அளந்து பாருங்கள். பேலன்ஸ்டு வகை ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் எண் கிட்டத்தட்ட மாறாது. அன்பேலன்ஸ்டு பிஸ்டன் வகையில் குறைவது இயல்பு, அது பழுதல்ல.

செகண்ட் ஸ்டேஜ் எவ்வளவு லேசாகத் திறக்கிறது என்பதை ஒரு வாளித் தண்ணீரிலேயே அளக்கலாம். அழுத்தம் உள்ள நிலையில், மவுத்பீஸ் மேலே பார்த்தபடி, செகண்ட் ஸ்டேஜை மட்டமாகத் தண்ணீரில் மெதுவாக இறக்குங்கள். வாய்ப்பகுதி தண்ணீருக்கு மேலேயே இருக்க வேண்டும். காற்று சீறத் தொடங்கும் கணத்தில், தண்ணீர் மட்டத்திலிருந்து டயாஃப்ரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 2.5 முதல் 4 செ.மீ. என்றால் நன்றாக இருக்கிறது. 5 செ.மீ.க்கு மேல் போனால் மூச்சிழுக்கக் கஷ்டப்படும். தண்ணீர் தொட்டவுடனே சீறினால் சீட் தேய்ந்திருக்கிறது, அல்லது சரிசெய்தது கலைந்திருக்கிறது. ஆக்டோபஸைக் கொஞ்சம் கடினமாகவே வைப்பது வழக்கம். இல்லாவிட்டால் குதித்தவுடன் அது தானாகக் காற்றைக் கொட்டும்.

கடைசியாக, முழு செட்டையும் அழுத்தத்தோடு தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்துங்கள். குமிழி எங்கிருந்து வருகிறது என்பதே பழுது எங்கே என்று காட்டிக்கொடுக்கும்.

டேங்க் வால்வும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில் வந்தால் டேங்கின் ஓ-ரிங் (ரப்பர் அடைப்பு வளையம்) பழுது. ஹோஸ் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் திருகும் இடத்தில் வந்தால் அந்த போர்ட்டின் ஓ-ரிங். குறைந்த அழுத்தப் போர்ட்டுக்கு 011, உயரழுத்தப் போர்ட்டுக்கு 012 அளவு பொதுவானது. அழுத்தக் கேஜ் சுழலும் மூட்டில் ஊசிமுனை அளவு குமிழிகள் வரிசையாக வந்தால், உள்ளே இருக்கும் ஸ்பூல் என்ற சிறு தண்டின் இரண்டு 003 ஓ-ரிங்குகள் தேய்ந்துவிட்டன. பழைய செட்டுகளில் அடிக்கடி காணப்படும் கசிவு இது, சரிசெய்வதும் மிகச் சுலபம். ஹோஸின் உலோக முனைக்கும் ரப்பருக்கும் இடையே குமிழி வந்தால் ஹோஸைத் தூக்கிப் போடுங்கள், ஒட்டுப் போட வழியில்லை. ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் உடலில் உள்ள சிறு துளைகளிலிருந்து வந்தால் உள் ஓ-ரிங்குகளோ டயாஃப்ரமோ பழுது.

மவுத்பீஸிலிருந்து வரும் குமிழி கொஞ்சம் ஏமாற்றும். வால்வைத் திறந்தவுடனே தொடங்கினால் செகண்ட் ஸ்டேஜ் சீட். ஓரிரு நிமிடம் அமைதியாக இருந்து பிறகு தொடங்கினால் குற்றவாளி ஃபர்ஸ்ட் ஸ்டேஜ். அங்கே அழுத்தம் ஏறி ஏறி, கடைசியில் செகண்ட் ஸ்டேஜ் பாதுகாப்பு வால்வு போலத் திறந்துகொடுக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் செகண்ட் ஸ்டேஜை இறுக்கிக் கசிவை நிறுத்துபவர்கள் நோயை விட்டுவிட்டு அறிகுறியை மறைக்கிறார்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது

மேலே சொன்ன எல்லாச் சோதனையிலும் தேறினாலும், ஐந்து வருடத்துக்கு மேல் கிடந்த ரெகுலேட்டரை முழு சர்வீஸ் செய்யாமல் ஆழத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அப்படியானால் சோதனை எதற்கு? சர்வீஸ் செலவுக்குத் தகுந்த ரெகுலேட்டர்தானா என்று முடிவு செய்ய. திரும்பி வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்க.

முழு சர்வீஸ் என்றால் பிரித்து, அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவி, எல்லா ஓ-ரிங்குகள், சீட்டுகள், வடிகட்டி, தேவையான டயாஃப்ரம்கள் ஆகியவற்றை மாற்றி, அழுத்தம் சரிசெய்வது. மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். இடைநிலை அழுத்தமும் மூச்சிழுக்கும் விசையும் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல டெக்னீஷியன் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். சீட்டும் ஓ-ரிங்கும் உட்காரும் உலோகப் பரப்பில் குழிகள் விழுந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். வெளியே குரோம் உரிந்தால் அழகு மட்டும்தான் போகும். அடைக்கும் பரப்பில் குழி விழுந்தால் புது ஓ-ரிங் போட்டாலும் பயனில்லை.

வீட்டில் செய்யக்கூடாத சில. பெட்ரோலிய ஜெல்லி, டபிள்யூடி-40, இயந்திர எண்ணெய் எதையும் தடவாதீர்கள். அவை ரப்பரை ஊதவைக்கும். ஆக்சிஜன் அதிகமுள்ள காற்றோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. நைட்ராக்ஸில் (ஆக்சிஜன் கூட்டிய காற்றுக் கலவையில்) 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் பயன்படுத்தப் போவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி, ஆக்சிஜனுக்கு ஏற்றபடி சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் போடச் சொல்லுங்கள். டைட்டானியம் ஃபர்ஸ்ட் ஸ்டேஜை அந்த வேலைக்கு எடுக்கவே கூடாது.

மிகப் பழைய ரெகுலேட்டர்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. இன்று உயரழுத்தப் போர்ட் 7/16 அங்குல மரை, குறைந்த அழுத்தப் போர்ட் 3/8 அங்குல மரை. ஒன்றை இன்னொன்றில் மாட்ட முடியாது. பழையவற்றில் இரண்டுமே 3/8 அங்குலமாக இருக்கும். அங்கே தவறுதலாக ஆக்டோபஸ் ஹோஸை உயரழுத்தப் போர்ட்டில் திருகிவிட்டால் 10 பாருக்குச் செய்த ஹோஸ் 200 பாரைச் சந்திக்கும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ரெகுலேட்டர் கையில் இருந்தால் போர்ட்டின் மேல் பொறித்திருக்கும் "எச்பி" எழுத்தைப் பார்த்த பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள்.

ஹோஸ்கள்

ஹோஸ்களைச் சோதித்துப் பார்ப்பதை விட மாற்றிவிடுவதே நல்லது. மொத்த செட்டில் மலிவானவை அவைதான். ஐந்து வருடப் பயன்பாடோ உற்பத்தியிலிருந்து பத்து வருடமோ கடந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ஹோஸின் மேல் உற்பத்தித் தேதி அச்சாகியிருக்கும். சந்தேகம் இருந்தால் முனைகளில் உள்ள ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஹோஸை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு அங்கேதான் தொடங்கும், உறை அதை மறைத்துக்கொண்டிருக்கும்.

நெசவு உறை போட்ட வளைந்துகொடுக்கும் ஹோஸ்களில் வேறு பிரச்சினை. முதல் தலைமுறையைச் சேர்ந்த சிலவற்றின் உள்சுவர் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்து, உள்ளே படிகங்கள் வளர்ந்து காற்றையே அடைத்த நிகழ்வுகள் உண்டு. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. அத்தகைய ஹோஸ் பழையதாக இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

புதியதைத் திருகும்போது கையால் முழுக்க இறுக்கிவிட்டு, ஸ்பேனரால் லேசாக ஒரு இழுப்பு போதும். அடைப்பது ஓ-ரிங்தான், உங்கள் பலமல்ல.

டேங்க்

பழைய டேங்கில் இன்னும் காற்று இருக்கிறதே என்று அதை மூச்சுக்கு எடுக்காதீர்கள். ஸ்டீல் டேங்குக்குள் ஈரம் இருந்தால், துருப்பிடிக்கும்போது அது உள்ளே உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். அழுத்தம் குறையாமல் தெரியும், ஆனால் அந்தக் காற்றில் மயங்கி விழலாம். திறந்த வெளியில் வைத்து, வால்வை லேசாகத் திறந்து மெதுவாகக் காலி செய்யுங்கள்.

தோள்பட்டையில் பொறித்த எழுத்துகளைப் படியுங்கள். கடைசி ஹைட்ரோஸ்டாட்டிக் சோதனை, அதாவது தண்ணீர் அழுத்தத்தில் டேங்கின் பலத்தைப் பார்க்கும் சோதனை, நடந்த தேதி அங்கே இருக்கும். பல நாடுகளில் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஹைட்ரோ, இடையிடையே உட்புறத்தைக் கண்ணால் பார்க்கும் சோதனை என்பது நடைமுறை. காலம் கடந்திருந்தால் எந்த நிலையத்திலும் நிரப்ப மாட்டார்கள், நிரப்பவும் கூடாது. டேங்கின் அடியில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி அடியையும் பாருங்கள். உப்புத் தண்ணீர் தேங்கித் துரு தின்னும் இடம் அது.

அலுமினிய டேங்க் என்றால் அலாய் முக்கியம். 6351 என்ற அலாயில் செய்த டேங்குகளில், கழுத்துப் பகுதியில் தொடர்ந்த அழுத்தத்தால் மெல்ல வளரும் விரிசல் வரலாம். டேங்க் தயாரிப்பாளரான லக்ஸ்ஃபர் தன் அமெரிக்க ஆலையில் 1988-இல் இதைக் கைவிட்டு 6061-க்கு மாறியது. பிற நாடுகளில் மாற்றம் சில வருடம் தள்ளியே நடந்தது. இன்னொரு தயாரிப்பாளரான கேட்டலினா இந்த அலாயைப் பயன்படுத்தவே இல்லை. 6351 டேங்குக்கு ஹைட்ரோவோடு, மின்காந்த முறையில் விரிசலைத் தேடும் எடி கரண்ட் சோதனையும் தேவை. அதில் தேறினாலும் பல நிலையங்கள் நிரப்ப மறுக்கின்றன. எங்கள் கருத்தில் அதோடு போராடுவது வீண், ஓய்வு கொடுத்துவிடலாம். தீயில் சிக்கிய அல்லது வெப்ப அடுப்பில் பெயிண்ட் சுட்ட அலுமினிய டேங்குக்கும் அதே முடிவுதான். 177 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் உலோகத்தின் பலம் போய்விடும்.

வால்வை மாற்றுவதாக இருந்தால் மரை அளவை ஒரு முறைக்கு இரண்டு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள். எம்25 மரையும் 3/4 அங்குல மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். ஒன்று இன்னொன்றில் ஓரளவு திருகிக்கொள்ளவும் செய்யும். நிரப்பும்போது வால்வு பிய்த்துக்கொண்டு பறந்த விபத்துகளுக்குக் காரணம் இந்தப் பொருத்தமின்மைதான். கம்பி இழுத்துத் திறக்கும் பழைய ஜே-வால்வு இருந்தால் சாதாரண வால்வாக மாற்றிவிடுங்கள். அழுத்தக் கேஜ் இருக்கும்போது அதற்கு வேலை இல்லை.

பிசிடி

வாயால் ஊதி, பாதுகாப்பு வால்வு தானாகக் காற்றை விடும்வரை நிரப்பி ஒரு இரவு விட்டுவிடுங்கள். காலையில் தொய்ந்திருந்தால் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவைத் தேடுங்கள். காற்றை வெளியேற்றும் டம்ப் வால்வின் சீட்டில் உப்புத் துகள் ஒட்டியிருப்பதுதான் பெரும்பாலும் காரணம். கழற்றிக் கழுவினால் போதும்.

பிறகு உள்ளே ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நல்ல தண்ணீர் விட்டு, நன்றாகக் குலுக்கி, தலைகீழாகப் பிடித்து இன்ஃப்ளேட்டர் வழியாக வெளியேற்றுங்கள். வரும் தண்ணீரைக் கவனியுங்கள். உப்பும் பூஞ்சையும் வந்தால் மறுபடி மறுபடி அலசித் தீர்க்கலாம். பிசுபிசுப்பான செதில்களும் புளித்த நாற்றமும் வந்தால் உள்பூச்சான பாலியூரித்தேன் ஈரத்தால் சிதைந்துகொண்டிருக்கிறது. அதற்கு மருந்தில்லை. காற்றுப்பையைத் தனியாக மாற்ற முடிகிற பேக்பிளேட்-விங் (முதுகுத் தகடும் தனிக் காற்றுப்பையும் கொண்ட) அமைப்பு என்றால் விங் என்ற அந்தப் பையை மட்டும் மாற்றலாம், மற்றதைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இன்ஃப்ளேட்டரில்தான் உண்மையான ஆபத்து. அழுத்தத்தில் வைத்து நிரப்பும் பொத்தானைப் பல தடவை அழுத்துங்கள். விட்டவுடன் காற்று நிற்க வேண்டும். ஒரு தடவையாவது ஒட்டிக்கொண்டு தாமதித்தால், உள்ளே உள்ள சிறு வால்வில் உப்போ அரிப்போ இருக்கிறது. தண்ணீருக்கடியில் அது ஒட்டிக்கொண்டால் உங்களைக் கட்டுப்பாடில்லாமல் மேலே தூக்கிவிடும். வால்வை மாற்றுங்கள், கூடவே ஹோஸை ஒரே இழுப்பில் கழற்றும் பயிற்சியையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஸ்குபாப்ரோவின் ஏர்-2 போல மூச்சும் விடக்கூடிய இன்ஃப்ளேட்டர் என்றால் அதன் கப்ளிங் சாதாரண அளவல்ல. புது ஹோஸ் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். ரெகுலேட்டர் சர்வீஸோடு அதையும் சேர்த்துக் கொடுக்க மறக்கவே கூடாது.

நெளிவுக் குழாயை நீட்டிப் பார்த்து மடிப்புகளில் வெடிப்பு தேடுங்கள். டம்ப் வால்வின் கயிறு, டேங்க் பெல்ட், பிளாஸ்டிக் கொக்கிகள், எடைப் பையின் வெல்க்ரோ எல்லாவற்றையும் பலமாக இழுத்துப் பாருங்கள். கழுத்தில் மாட்டும் பழைய வளைய வகை பிசிடி இருந்தால் அதைச் சுவரில் மாட்டலாம்.

கேஜும் கம்ப்யூட்டரும்

அழுத்தம் இல்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்கவில்லை என்றால் அந்தக் கேஜ் முடிந்தது. பூஜ்யத்தில் நின்றாலும், நம்பகமான இன்னொரு கேஜோடு 200, 100, 50 பாரில் ஒப்பிடுங்கள். 50 பாரில் தப்பாகக் காட்டுவதுதான் உயிரோடு விளையாடுவது.

பழைய டைவ் கம்ப்யூட்டரில் பேட்டரி மாற்றினால் திரை ஒளிரும். அது சரியாகக் கணக்கிடுகிறது என்பதற்கு அது அத்தாட்சி இல்லை. பேட்டரி மூடியின் ஓ-ரிங்கை மாற்றி, இடத்தைத் துணியால் துடைத்து, ஒரு முடி கூட இல்லாமல் பார்த்து மூடுங்கள். நீங்களே பேட்டரி மாற்ற முடியாத மாடலும் உண்டு. அதன் சேவை நின்றுவிட்டால் மாற்றுவது ஒன்றே வழி. ஆழத்தைச் சோதிக்க, முதல் ஆழமற்ற டைவில் புது கம்ப்யூட்டர் ஒன்றோடு சேர்த்துக் கட்டி, அளவு குறித்த கயிற்றில் இறங்கிப் பாருங்கள். இரண்டுக்கும் மூன்று சதவீதம் வித்தியாசம் வந்தால் பதற வேண்டாம். ஒன்று உப்புத் தண்ணீருக்கும் மற்றொன்று நல்ல தண்ணீருக்கும் அளவிடப்பட்டிருக்கலாம்.

நைட்ராக்ஸ் வசதி இல்லாத கம்ப்யூட்டரோடு நைட்ராக்ஸ் டைவ் செய்தால் நேரக் கணக்கு பாதுகாப்புப் பக்கமே சாயும். ஆனால் ஆக்சிஜன் எல்லையை அது எச்சரிக்காது. 32 சதவீதக் கலவைக்கு, ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.4 பார் என்ற எல்லையில், அதிகபட்ச ஆழம் 33 மீட்டர். அதை உங்கள் தலையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். செட்டில் எதையாவது புதிதாக வாங்கும் பணம் ஒதுக்கினால், முதலில் கம்ப்யூட்டருக்கு ஒதுக்குங்கள். தொழில்நுட்பம் உண்மையிலேயே முன்னேறியிருப்பது அங்கேதான்.

வெட்சூட்டும் எடையும்

நியோப்ரீனுக்குள் இருக்கும் வாயுக் குமிழிகள் காலப்போக்கில் சப்பையாகின்றன. பழைய 5 மி.மீ. சூட் அதே கதகதப்பைத் தராது. அதே அளவு மிதக்கவும் செய்யாது. நகத்தால் அழுத்திப் பாருங்கள், பள்ளம் உடனே மறையவில்லை என்றால் அதன் காலம் முடிந்தது. டிரைசூட்டின் லேடெக்ஸ் கழுத்து, மணிக்கட்டுப் பட்டைகளைப் பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

ஆகவே பழைய லாக் புத்தகத்தில் எழுதிய எடையை நம்பாதீர்கள். சூட் மாறியிருக்கும், உடம்பும் மாறியிருக்கும். ஸ்டீல் டேங்கிலிருந்து அலுமினியத்துக்குப் போனால் இன்னும் மாறும். வழக்கமான 11 லிட்டர் அலுமினிய டேங்க் காலியாகும்போது கிட்டத்தட்ட 2 கிலோ மிதக்கும். சரியான எடையைக் கண்டுபிடிக்க, டேங்கில் 40 முதல் 50 பார் இருக்கும்போது, பிசிடியை முழுக்கக் காலி செய்து, சாதாரண மூச்சை அடக்கி அசையாமல் நில்லுங்கள். தண்ணீர் மட்டம் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். முழு டேங்கோடு சோதித்தால் செலவாகப்போகும் காற்றின் எடையைக் கூட்டிக்கொள்ளுங்கள். 12 லிட்டர் டேங்கில் 200-லிருந்து 50 பாருக்கு இறங்கினால் அது 2 கிலோவுக்குச் சற்று மேல் வரும்.

மற்றவை

மாஸ்க்கின் சிலிகான் மஞ்சளானால் கவலையில்லை, விறைத்தால் மாற்றுங்கள். கண்ணாடியில் "டெம்பர்டு" என்ற குறி இருக்க வேண்டும். ஃபின் பட்டைகளைப் புரட்டி உள்பக்கத்தில் வெடிப்பு பாருங்கள். ஸ்பிரிங் பட்டைக்கு மாறினால் அந்தக் கவலையே இல்லை. பழைய டார்ச்சை எல்இடிக்கு மாற்றுவது எளிது, ஆனால் உள்ளே பேட்டரி ஒழுகிக் காய்ந்திருந்தால் தூக்கிப் போடுங்கள்.

நீங்கள் விலகியிருந்த காலத்தில் பழக்கங்களும் மாறியிருக்கின்றன. தண்ணீருக்கடியிலிருந்து விடும் அடையாள பலூனும் ரீலும் பல இடங்களில் கட்டாயம். டேங்கில் திருகி மாட்டும் டின் (DIN) இணைப்பு பரவலாகியிருக்கிறது. யோக் மேலிருந்து கிளாம்ப் போல மாட்டும் வகை, அதற்கு எல்லை 232 பார். பல மாடல்களுக்கு டின்னாக மாற்றும் கிட் கிடைக்கிறது, சர்வீஸின்போதே செய்துவிடலாம். புது ஆக்டோபஸ் வாங்கினால், ஐரோப்பியத் தரத்தில் "இஎன் 250ஏ" குறி இருக்கிறதா பாருங்கள். இருவர் ஒரே ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து மூச்சுவிடும் நிலைக்கும் சோதிக்கப்பட்டது என்று அதற்குப் பொருள்.

முதல் இறக்கம்

உடம்பையும் மறக்காமல் மருத்துவரிடம் காட்டிவிட்டு, நீச்சல் குளத்திலோ அலையில்லாத 5 மீட்டர் ஆழத்திலோ தொடங்குங்கள். தலைகீழாகவும், மல்லாந்தும், இருபக்கம் சாய்ந்தும் மூச்சுவிட்டுப் பாருங்கள். ஒரு கோணத்தில் மட்டும் தண்ணீர் வந்தால் மூச்சு வெளியேறும் வால்வு சரியாக உட்காரவில்லை. ஆக்டோபஸில் சில நிமிடம் முழுக்க மூச்சுவிடுங்கள், சும்மா பர்ஜ் அடித்துப் பார்ப்பது போதாது. இன்ஃப்ளேட்டர் ஹோஸைக் கழற்றி மாட்டுங்கள், எடையைக் கழற்றி மாட்டுங்கள், ஒவ்வொரு டம்ப் வால்வையும் இழுத்துப் பாருங்கள். ஒரே நாளில் புது சூட், புது பிசிடி, புது ரெகுலேட்டர் மூன்றையும் முதல் தடவையாகப் போடாதீர்கள். ஏதாவது தவறினால் எதனால் என்று தெரியாது.

புது சீட்டுகள் முதல் சில டைவ்களில் தன் இடத்தில் அமர்ந்துகொள்ளும், அதனால் இடைநிலை அழுத்தமும் திறக்கும் விசையும் கொஞ்சம் நகரலாம். நாலைந்து டைவ் கழித்து வாளிச் சோதனையையும் கேஜ் சோதனையையும் திரும்பச் செய்து, டெக்னீஷியன் எழுதிக் கொடுத்த எண்களோடு ஒப்பிடுங்கள். லேசான சீறல் தொடங்கியிருந்தால் மறுபடி கொண்டுபோங்கள். பெரும்பாலும் பாகம் எதுவும் மாற்ற வேண்டியிருக்காது, ஒரு சிறு திருகலில் சரியாகிவிடும்.